லிஃப்டில் மூவர்

“இன்னும் ஒரு சுத்து சுத்தும்மா. தலை சாயுது பாரு,” என்றார் நெட்டை மாமா.

மகள் போர்வையை, ராத்திரி இறந்துபோன அப்பாவின் மார்புக்குக் குறுக்கே இழுத்து, நாற்காலியின் முதுகோடு சேர்த்து முடிந்தாள். ஆறு பேர் ஏறும் லிஃப்ட்; படுத்த ஆளுக்கு அதில் இடமில்லை. படி வழியாகத் தூக்கினால் ஒவ்வொரு திருப்பத்திலும் அவரைச் சாய்க்க வேண்டும். இந்த லிஃப்டைப் பழுது பார்த்தே வயதானவர், அதிலேயே உட்கார்ந்து இறங்கட்டும் என்று முடிவாயிற்று.

“அண்ணி, நீங்க அப்புறமா வாங்களேன்.”

“கண்ணு தெரியாம படியில உருளச் சொல்றியா தம்பி? என் வீட்டுக்காரரோடதான் வருவேன்.”

“சரி. நான் மேல மோட்டார் ரூம்ல நிக்கறேன். இந்தக் கழுதை அண்ணன் அதட்டினாத்தான் கேக்கும், இன்னிக்கு நான் அதட்டிப் பாக்கறேன்.”

நெட்டை மாமா, லிஃப்ட் வேலையில் அப்பாவின் கூட்டாளி. மாடிக்கு ஏறினார். மற்ற ஆண்கள் உடலை இறக்கிக்கொள்ளக் கீழே ஓடினார்கள்; அம்மாவும் மகளும் நாற்காலியோடு லிஃப்டில் ஏறினார்கள். மூன்றாம் மாடியைத் தாண்டும்போது விளக்கு அணைந்து, லிஃப்ட் குலுங்கி நின்றது.

அப்பாவின் தலை மகளின் இடுப்பில் வந்து முட்டியது. அவள் கதவிடுக்கில் விரல்களை நுழைத்து இழுத்தாள். அசையவில்லை. மறுபடி இழுத்தாள்.

“கதவைத் தொடாதே. மெக்கானிக் பொண்ணு பண்ற காரியமா இது?”

“மூச்சு முட்டுதும்மா.”

“எனக்கு எப்பவும் இருட்டுதான். பழகிடும், நில்லு.”

அம்மா தடவிப்பார்த்து மகளின் சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டாள்.

“திங்கக்கிழமை சேரணுமா?”

மகளுக்கு வேலை கிடைத்திருந்தது. வெளியூரில், காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் டீச்சர் வேலை. முதல் முறை அழைத்தபோது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது, போக முடியவில்லை. இப்போது மறுபடி அழைத்திருக்கிறார்கள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

“யார் சொன்னா உனக்கு?”

“பக்கத்து வீட்டுக்காரிகிட்ட போன்ல பேசிட்டிருந்தியே. காலையில பெட்டியையும் இழுத்தே. அவரைத் துடைச்சுவிடறதுக்கு முன்னாடியே.”

இருட்டில் அப்பாவின் முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

“அன்னிக்கு வேலை தட்டிப்போனப்ப, கடவுள் ஏதோ நினைச்சுத்தான் செய்யறார்னு சொன்னேன். ஒரு வாரம் என்னோட பேசலை நீ.”

“இப்பவும் அதையே சொல்லப்போறியா?”

“சொன்னா அடிப்பே போலிருக்கே.”

“கடவுளுக்கு என் ஒருத்தியோட திட்டம்தான் கண்ணை உறுத்துதா?”

அம்மா தடவி அப்பாவின் தோளைத் தொட்டாள்.

“உள்ள மாட்டினவங்களுக்கு மேல நடக்கற வேலை தெரியாது. உங்கப்பா சொல்வாரே.”

“அது லிஃப்டுக்கும்மா.”

“நானும் லிஃப்டைத்தான் சொன்னேன்.”

மகளுக்குச் சிரிப்பு வந்தது.

மேலே எங்கோ இரும்பு தட்டும் சத்தம். பிறகு குரல், கிணற்றுக்குள் பேசுவதுபோல்:

“நான் மேலதான் இருக்கேன். யாரும் கதவைத் தொடாதீங்க.”

லிஃப்டில் மாட்டியவர்களுக்கு அப்பா சொல்லும் அதே வார்த்தைகள். அம்மா முகத்தை மேலே தூக்கினாள்.

“கரன்ட் போயிடுச்சு. கையால பிரேக்கை விடப்போறேன். மறுபக்கம் தொங்கற இரும்பு எடையைவிட நீங்க மூணு பேரும் எடை கம்மி. கீழ வராது, மேலதான் ஏறும். பயப்படாதீங்க.”

“இறக்க முடியாதா மாமா?”

“முடியாதும்மா. புறப்பட்ட இடத்துக்கே வாங்க. அப்புறம் படியில தூக்கிக்கலாம்.”

“நீ திங்கக்கிழமை போ,” என்றாள் அம்மா, தணிந்த குரலில். “நான் இருந்துப்பேன்.”

சொல்லச் சொல்ல, சேலைத் தலைப்பை இன்னொரு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டாள்.

லிஃப்ட் விட்டு விட்டு ஏறியது. ஒவ்வொரு உலுக்கலுக்கும் மகள் அப்பாவின் நெற்றியை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்தாள்.

“கீழ வந்துட்டோமா?”

“இல்லம்மா. நம்ம மாடி.”

நெட்டை மாமா வந்து வெளியிலிருந்து கதவைத் திறந்தார். எதிரே வீடு, விட்டுப்போன மாதிரியே திறந்து கிடந்தது. பாதி நிரம்பிய பெட்டி கட்டிலின்மேல் வாயைத் திறந்தபடி இருந்தது.

“வாங்க அண்ணி, கையைக் கொடுங்க.”

அம்மா ஒரு கையைக் கொடுத்தாள். மற்றக் கையில் தலைப்பு இருந்தது. மகள் அதை இழுக்காமல், அம்மா போகும் பக்கமாகவே நடந்தாள்.