அசையாத முள்

சூசமிர் மலை மேய்ச்சல் வெளியில் ஆகஸ்டு கடைசியில் மேகங்கள் தரையில் இறங்கி நடக்கும். குதிரைகளுக்கு நடுவே புகுந்து, கூடாரங்களைச் சுற்றிக்கொண்டு, யாரையும் கேட்காமல் போய்விடும். அப்படி ஒரு மேகத்துக்குள் என் பழைய ஜப்பான் வேனை நிறுத்திவிட்டு, புதிதாக மாட்டிய வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கணவாய் ஏறி இறங்கி வந்த எஞ்சின் அனலாய்க் கிடக்கிறது. முள்ளோ அடிக்கோட்டிலேயே படுத்திருக்கிறது.

என் மனைவி புருல்சா மூன்று மாதமாக இங்கே அக்காவின் கூடாரத்தில் இருக்கிறாள். போன வருடம் அந்தக் கணவாயில் வண்டி கொதித்தது. நான் அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்க, தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் நின்றவளுக்கு முழங்கை வரை வெந்துபோனது. டாஷ்போர்டு வெப்பமானி செத்துப்போயிருந்தது, அதனால்தான் தெரியவில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். சூட்டைச் சொல்லாத வண்டியில் இனி ஏறமாட்டேன் என்றாள். நாளை அக்கா குடும்பம் மந்தையோடு தலாஸ் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்குகிறது. இன்று என்னோடு வராவிட்டால் குளிர்காலம் முழுக்க அவள் அவர்களோடுதான்.

"என்ன, புது முள்ளும் தூங்குதா?"

மேகத்திலிருந்து முதலில் அவள் கைதான் வந்தது, புளித்த குதிரைப்பால் குமிஸ் கிண்ணத்தோடு. தழும்பு உள்ள கை.

"தூங்கல, யோசிக்குது."

"உங்கள மாதிரியா? அப்ப பனி விழற வரைக்கும் யோசிக்கும்."

ஊரில் வீடு வீடாகக் கரண்டு மீட்டர் பார்க்கிற வேலை அவளுக்கு. பொய் சொல்கிற மீட்டரை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். பானட்டைத் தூக்கி, வெப்பமானிக்காக எஞ்சினில் நான் திருகியிருந்த சென்சாரைக் குனிந்து பார்த்தாள்.

"இந்த சென்சாருக்கு ஒரு கம்பிதான வருது? கரண்டு திரும்பிப் போக வழி?"

"அதோட உடம்பு வழியா எஞ்சினுக்குப் போயிரும்னு வாங்குன அட்டைப்பெட்டியில போட்டிருந்துச்சு."

"உடம்பு எங்க இருக்கு? நாரும் பெயின்டுமால்ல இருக்கு!"

நான் வெந்நீர்க் குழாய் பொருத்துகிறவன். திருகு மரையைக் கண்டால் கை தானாகச் சணல் நாரைச் சுற்றிப் பெயின்டைப் பூசிவிடும். இருபது வருடத்தில் என் இணைப்பு ஒன்றுகூடச் சொட்டியதில்லை. இந்தச் சுண்டு விரல் அளவு சென்சாருக்கும் பெருமையாக ஏழு சுற்று சுற்றியிருந்தேன்.

அவள் ஒரு துண்டுக் கம்பியை எடுத்து, சென்சாரின் பித்தளையையும் எஞ்சின் இரும்பையும் தொடவைத்தாள். நான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். புது முள் எழுந்து தொண்ணூறுக்குப் போனது. அதற்குக் கீழே டாஷ்போர்டில் இருந்த பழைய முள்ளும் எழுந்தது. அதை நான் பார்க்காத மாதிரி சாவியைப் பின்னால் திருப்பினேன்.

"ஏறுச்சா?"

"ஏறுச்சு, தாயே!"

"தண்ணியோட சேத்துக் கரண்டையும் அடைச்சிருக்கீங்க. நல்ல குழாய்க்காரர்!"

சூடு ஆறாமல் சென்சாரைக் கழற்ற முடியாது. புல்லில் படுத்தோம். எங்கோ கட்டிப்போட்ட குதிரைக் குட்டிகள் அம்மாவைக் கேட்டுக் கனைத்தன. மேகம் என் நெற்றியை நனைத்துவிட்டுப் போனது. அரைத் தூக்கக் கனவில் நாங்கள் இருவரும் வேனில் மலை இறங்கிக்கொண்டிருந்தோம், கீழே சாலையே இல்லை, எஞ்சின் சத்தமும் இல்லை, அவள் என் தோளில் தூங்குகிறாள். விழித்தபோது அவள் எட்ட உட்கார்ந்து புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

எஞ்சின் ஆறியிருந்தது. நாரையும் பெயின்டையும் சுரண்டி, மரையைப் பளபளவென்று தேய்த்து, ஒரு செம்பு வளையம் மட்டும் போட்டு முடுக்கினேன். கழற்றியபோது வடிந்ததற்கு ஈடாக ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றி, காற்றுக் குமிழ்கள் நிற்கும்வரை ஓடவிட்டு மூடினேன். புருல்சா முன் இருக்கையில் வந்து உட்கார்ந்தாள்.

"பாக்கத்தான். வர்றதுக்கு இல்ல."

ஐம்பது. அறுபது. புது முள் ஒழுங்காக ஏறியது. பழைய முள்ளும் கூடவே ஏறியது.

"இது செத்துப்போச்சுன்னீங்களே?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. புதுசைச் சரி பண்ணியதும் பழசுக்கும் உயிர் வந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அவள் கை என் பக்கத்தில், வெப்பமானியின் வெளிச்சத்தில் கிடந்தது. எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"சாகல. போன வருசமும் ஏறுச்சு, சிவப்புக்கு வந்ததப் பாத்தேன். பின்னாடி உங்க அக்கா வீட்டுக்காரர் லாரி. அவர் முன்னால நிறுத்த வெக்கமா இருந்துச்சு. ரெண்டு வளைவுதான, ஏறிரலாம்னு நெனச்சேன்."

அவள் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நானும் பாத்தேன். உங்க பக்கத்துலதான உக்காந்திருந்தேன். இப்ப நிறுத்துவாரு, இப்ப நிறுத்துவாருன்னு பாத்தேன்."

கதவைத் திறந்து இறங்கி மேகத்துக்குள் போய்விட்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அழுகை வந்தது, அழுதேன். எவ்வளவு நேரமோ தெரியாது, பின்கதவு திறந்தது. அவளுடைய மூட்டை உள்ளே விழுந்தது. பிறகு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"ஏத்தத்துல முள்ளு சிவப்புக்குப் போனா நான் சொல்லமாட்டேன். அன்னைக்கும் சொல்லல. நீங்களாத்தான் நிறுத்தணும்."

கணவாய் ஏற்றத்தின் மூன்றாவது வளைவிலேயே ஓரம் கட்டி நிறுத்தினேன். முள் சிவப்பை நெருங்கக்கூட இல்லை.