கிளாரா மூடி வைத்த எரு

2003-இல் தொடர்ந்து இரண்டு போகம் தக்காளி வாடிச் செத்தது. இந்தத் தடவையும் செடி போனால் வேடசந்தூர் நூல் மில்லுக்கு வேலைக்குப் போய்விடுகிறேன் என்று என் மனைவி கிளாராவிடம் ஒப்புக்கொண்டேன். வாயால் சொல்லிவிட்டேனே தவிர, மனசு கிடந்து பதறியது. நாள் பூராவும் கூரைக்கு அடியில் நிற்கவா நான் பிறந்தேன்?

கிளாராதான் வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு ஒரு மருந்துப் பொட்டலம் வாங்கி வந்தாள். மண்ணுக்குள் இருந்து வேரை அழுக வைக்கும் கிருமியை அது தின்றுவிடுமாம். தொழு எருவில் கலந்து, தண்ணீர் தெளித்து, புளியமர நிழலில் ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள்.

"பதினஞ்சு நாளைக்குக் கைய வைக்காதீங்க. தண்ணி மட்டும் தெளிங்க" என்று சொல்லிவிட்டு, தங்கச்சி பிரசவத்துக்கு நத்தம் போய்விட்டாள்.

இந்த பெலிக்ஸுக்குச் சும்மா இருக்கத் தெரியுமா? பத்தாம் நாள் சாக்கைத் தூக்கினேன். ஐயையோ! மறந்துபோன பன் ரொட்டி மாதிரி எருவெல்லாம் பச்சைப் பச்சையாகப் பூசணம். தண்ணீரை அதிகமாக ஊற்றிக் கெடுத்துவிட்டேன், தொலைந்தேன் என்று அத்தனையையும் அள்ளி வேலியோரக் குழியில் கொட்டினேன். வேறு எருவைக் குவித்து, அதே சாக்கால் கமுக்கமாக மூடி வைத்தேன்.

திரும்பி வந்த கிளாரா சாக்கை விலக்கிப் பார்த்தாள். முகம் தொங்கிப்போனது.

"பூசணமே புடிக்கலையே! செத்த மருந்தக் குடுத்து ஏமாத்திட்டாங்க. இருங்க, போயி நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன்."

"பூசணம் புடிக்கணுமா?"

"பின்ன? அந்தப் பச்சப் பூசணந்தானங்க மருந்தே!"

நான் வேலியோரக் குழியைத் திரும்பிப் பார்த்தேன். அவளோ செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கே போய்விட்டாள். பாவம், அந்த அலுவலகத்து ஆள் என்ன செய்தார்? ஓடிப்போய் மறித்து உண்மையைக் கக்கினேன்.

"அடப்பாவி மனுசா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தினால்தானே!

குழியில் கோழி கிளறியது போகப் பாதிதான் மிஞ்சியிருந்தது. நடவின்போது அது வயலின் மேற்குப் பாதிக்குத்தான் வந்தது.

இரண்டு மாதத்தில் கிழக்குப் பாதி வாடிப்போனது. மேற்கில் ஒன்றிரண்டு செடி தவிர எல்லாம் பூவும் காயுமாக நின்றன. நான் வரப்பில் தலை குனிந்து நின்றேன். போன பாதி என்னால் போனது. மில்லுக்குக் கிளம்பச் சொன்னால் கிளம்ப வேண்டியதுதான்.

கிளாரா ஒரு காயைத் தொட்டுப் பார்த்தாள்.

"அடுத்த நடவுக்கு எருவ நாந்தான் மூடுவேன். நீங்க அந்தப் பக்கமே வரக் கூடாது, சொல்லிட்டேன்."

அடுத்த நடவு என்கிறாள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வரல தாயி, வரவே மாட்டேன்" என்றேன்.