ஐம்பதுக்கு நாற்பத்திரண்டு

“என்ன கணேஸ் இது, இந்தப் படத்தில நாற்பத்திரண்டு எண்டு போட்டிருக்கு? எங்கட வீட்டுச் சுவர்ல தொங்குறதும் நாற்பத்திரண்டுதானே!”

விஜயரட்ணம் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னபோது, திலகவதி தேநீர்த் தட்டோடு கூடத்துக்குள் வந்தாள். அவர் மலாக்கா டவுனில் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்றவர், புது மருமகளின் பெரியப்பா. கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக அலோர் காஜா வீட்டுக்கு வந்திருக்கிறார்.

படம், திலகவதியின் மகன் கணேஸ்வரனுக்கு அவன் நண்பன் காந்தன் கொடுத்த கல்யாணப் பரிசு. அவனே செம்புத் தகட்டில் கீறி, அமிலத்தில் ஊறவைத்து, மை பூசித் தாளில் அழுத்தி எடுத்தது. ஊர் சேரவிடாமல் ஆற்றில் விழுந்து செத்த பழங்கதைக் காதலர்களாம். அவள் கூந்தலே ஆறாக ஓடியது. அவன் நெஞ்சில் ஒரு கதவு, தாழ்ப்பாளோ வெளிப்பக்கம்.

பரிசு வந்த அன்று பார்த்ததும் திலகவதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கீழே பென்சிலில் ‘12/50’ என்று இருந்ததைக் கண்டதும் பகீரென்றது. ஐம்பதுக்குப் பன்னிரண்டா? ஃபெயிலான படத்தையா கல்யாண வீட்டில் மாட்டுவது? சம்பந்தி வீட்டில் எல்லாரும் படித்தவர்கள் வேறு. கண்ணாடி போடக் கடைக்கு அனுப்பும் முன், யாருக்கும் தெரியாமல் அந்த ஒன்றை நான்காக்கிவிட்டாள்.

“அந்த நம்பர்ல அப்படி என்னங்க இருக்கு?” என்று மெல்லக் கேட்டாள்.

“என்ன அப்பிடிக் கேக்கிறீங்கள் சம்பந்தி? ஐம்பது படம்தான் அடிப்பாங்கள். பிறகு தகட்டையே கீறிப் பழுதாக்கிப் போடுவாங்கள். ஒவ்வொண்டுக்கும் ஒரு நம்பர். ஒரே நம்பர் ரெண்டு இருந்தா, பெடியன் களவா இன்னும் அடிச்சிருக்கிறான். அடுத்த மாசம் இவன்ட எக்ஸிபிஷன் வருது. என்னை மாதிரி வாங்கின எல்லாருக்கும் சொல்லத்தான் போறன்.”

கணேஸ்வரன் காந்தனுக்கு ஃபோன் போட்டான். நியாலாஸ் எஸ்டேட்டில் ஒன்றாக வளர்ந்தவர்கள் இருவரும். மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றதும் காந்தன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான்.

“வரச் சொன்னீங்களாம் அங்கிள்?”

“எத்தனை அடிச்சீர்? உண்மையைச் சொல்லும்.”

“அம்பதுதான் அங்கிள். சத்தியமா லா!”

“அப்ப இது என்னடா?” கணேஸ்வரன் சுவரைக் காட்டினான். “என் கல்யாணத்துக்கே டூப்ளிகேட்டா?”

காந்தன் குனிந்து அந்த நான்கையே பார்த்தான். “நான் குடுத்தது பன்னெண்டு. யாரோ...” என்றவன் வீட்டாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிறுத்தினான். “இல்ல. என் கைதான் தவறிருக்கும், அங்கிள்.”

“கை தவறுமோ? நல்ல கதை!”

வாயை மூடிக்கொண்டிருந்தால் இவன் பேர் இன்றோடு போய்விடும். திலகவதி தட்டை மேசையில் வைத்தாள்.

“அவன் ஒன்னும் செய்யல. கோடு போட்டது நான்தாங்க. மார்க்குன்னு நெனச்சிட்டேன்.”

“என்ன மார்க்?”

“அம்பதுக்குப் பன்னெண்டுன்னா ஃபெயிலுதானுங்களே?”

விஜயரட்ணம் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மடியில் விழுந்தது. “அப்ப என்ட படம் டிஸ்டிங்ஷன்! மன்னிச்சுக்கொள்ளும் தம்பி, அவசரப்பட்டுட்டன்.”

“அம்மா...” என்று கணேஸ்வரன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அப்புறம் எழுந்து போய் நண்பனின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

காந்தனும் சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண் கலங்கியது.

“நான் ஃபெயிலாயிடக் கூடாதுன்னு பாஸ் போட்டு விட்டீங்களா பெரியம்மா? ஸ்கூல்ல ஒரு வாத்தியாரும் எனக்கு இவ்வளவு போட்டதில்ல லா. நம்பர மாத்திடுறேன். ஆனா இத மறக்க மாட்டேன்.”

உனக்காக இல்லைடா, சம்பந்தி வீட்டார் முன்னால் எனக்கு அசிங்கம் என்றுதான். அது நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவனோ இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான், பெற்றவளைப் பார்ப்பதுபோல.

“தேத்தண்ணி ஆறுதுப்பா,” என்றாள். “குடி.”