மஞ்சள் காட்டாத டார்ச்

பேட்டரிக்காக ஒருவன் பல்லை ஒருவன் உடைப்பானா என்று கேட்கிறவர்கள் எங்கள் வேலைக்கு ஒரு நாள் வந்து பார்க்கட்டும். நான் உடைத்தேன். அதுவும் சொந்தத் தங்கை புருஷனின் பல்லை, ஆலையின் ஸ்டோர் ரூமில், கையிலிருந்த டார்ச்சாலேயே.

ஆற்றுத் தண்ணீர் ஆலைக்கு வருகிற சுரங்கத்தில் சேறு வழிப்பது எங்கள் வேலை. நான் மேஸ்திரி. ஞாயிறு காலையில் மதகை இறக்குவார்கள், இரண்டு பேர் குனிந்தபடி உள்ளே போய் மண்வெட்டியால் வழிப்பார்கள். மதகு பழசு, ஓரத்தில் கசியும். மதியத்துக்குள் சுரங்கத்தில் மார்பளவு தண்ணீர் ஏறிவிடும். அதற்கு முன்னால் வெளியே வந்தாக வேண்டும். கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போனால் சேறு தின்றுவிடும் என்பதால் எங்களுக்கு டார்ச்தான் கடிகாரம். காலையில் புது பேட்டரி பிரித்துப் போடுவோம். வெளிச்சம் மஞ்சளானால் திரும்பு, அவ்வளவுதான் சட்டம். பதினெட்டு வருஷத்தில் என் ஆட்களில் ஒருவனும் செத்ததில்லை.

மாப்பிள்ளை ஸ்டோர் கீப்பர். வாரம் ஒரு வாளி செத்த பேட்டரி குவிகிறது, பாதி கசிந்து டார்ச்சின் ஸ்பிரிங்கையே அரிக்கிறது, சார்ஜ் பேட்டரி வாங்கினால் ஐந்நூறு தடவை ஏற்றி ஏற்றிப் போடலாம் என்று மூன்று மாதமாக ஓதினான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். புதிதாகப் பிரித்துப் போட்டால் எனக்கு நிச்சயம் உண்டு, நேற்று எவன் சார்ஜில் போட்டான், எவன் பாதியில் பிடுங்கினான் என்று நான் யாரைப் போய்க் கேட்பது என்றேன். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவன் நான். ஆட்கள் எனக்குப் பட்டாசு என்று பேர் வைத்தது சும்மா இல்லை.

அன்றைக்கு அத்தனை பேர் முன்னாலும் அவன் சிரித்துக்கொண்டே, "மச்சான், உங்களுக்குத் தீப்பந்தம் கொளுத்திக் குடுத்தாதான் சரிப்படும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். டார்ச் அவன் வாயில் இறங்கியது. அவனும் லேசுப்பட்டவன் இல்லை, ரத்தத்தைத் துப்பிவிட்டு வாளியை எடுத்து என் விலாவில் வீசினான். அலமாரி சரிந்தது. உருளுகிற பேட்டரிகள் மேல் இரண்டு பேரும் புரண்டோம். அவன் கழுத்திலிருந்து என் கையை எடுக்க நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.

மறுநாள் தங்கச்சி வந்தாள். அப்பா அம்மா போன பிறகு அவளைத் தோளில் போட்டு வளர்த்தவன் நான். எனக்குக் கல்யாணமும் இல்லை, காட்சியும் இல்லை. இந்த உலகத்தில் எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணா, இன்னொரு தடவ கோபத்துல அவர் மேல கை வெச்சா, எனக்கு அண்ணனே கிடையாது."

அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் அழாமல் சொன்னாள்.

அதனால் நானே இறங்கிப் போனேன். இந்த ஞாயிறு உன் பேட்டரியையே போட்டுப் பார்க்கலாம் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். தானே உள்ளே போய்க் காட்டுவதாக அவன் நின்றான். முன்பு எங்களோடு சேறு வழித்தவன்தான், சுரங்கம் அவனுக்குப் புதிதில்லை. கூட என் ஆட்களில் ஒருவனான நெட்டையனை அனுப்பினேன். நெட்டையன் டார்ச்சில் எப்போதும் போடுகிற பேட்டரி.

பதினொன்றரைக்கு நெட்டையன் மட்டும் வெளியே வந்தான். தன் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது, போகலாம் என்று கூப்பிட்டானாம். மாப்பிள்ளையின் டார்ச் இன்னும் பால் மாதிரி எரிந்ததாம். எனக்கு நேரம் இருக்கிறது, கிளைச் சுரங்கத்தையும் வழித்துவிட்டு வருகிறேன், நீ போ என்றானாம்.

மஞ்சளே வராவிட்டால் எதைப் பார்த்துத் திரும்புவான்? அந்த பேட்டரி கடைசி வரைக்கும் வெள்ளையாக எரிந்துவிட்டுப் பொட்டென்று அணைந்துவிடும் என்று பிறகு சொன்னார்கள். மூன்று மாதம் மாறி மாறிக் கத்தினோமே, இந்த ஒன்றை மட்டும் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

புது பேட்டரி போட்டு டார்ச்சைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஓடினேன். தண்ணீர் தொடையில் இருந்தது, கிளை பிரிகிற இடத்தில் இடுப்புக்கு வந்துவிட்டது. உள்ளேயிருந்து அவன் அலறல் கேட்டது. கும்மிருட்டில் வழி தவறி, சுவரிலெல்லாம் மண்வெட்டியால் வெட்டிக்கொண்டிருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவனுக்கு ஆள் தெரியவில்லை. மண்வெட்டி என் நெற்றியைப் பிளந்தது. அடுத்த வீச்சைக் கையால் தடுத்தேன், இரண்டு விரல் முறிந்தது. பிறகு அதைப் போட்டுவிட்டு என் மேல் ஏறினான். தோளில் முழங்காலை ஊன்றி என் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினான். சேற்றைக் குடித்தேன். செத்தேன் என்றே நினைத்தேன்.

எப்படியோ திமிறி எழுந்து நல்ல கையால் அவன் தாடையில் குத்தினேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவன் கண் செருகி என் மேல் சாய்ந்தான். சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தி இன்னொன்று விட்டேன். மறுபடியும் ஒன்று. அப்புறம்தான் வாசலுக்கு இழுத்து வந்தேன்.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது. பிழைத்துவிட்டான். நான் வெளியே வந்து சொன்னதை வைத்து நெட்டையன் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள், உங்களுக்கு இரண்டும் ஒரே ஆளாக வந்துவிட்டது என்று சிரிக்கக்கூடச் செய்தான். அவள் என் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

பிறகு அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எத்தனை தடவ அடிச்சீங்க?"

"மூணு."

"எந்த அடியில மயங்கினார்?"

நினைவில்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அவனுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை, வேறு சாட்சியும் கிடையாது. ஆனால் இவளிடம் நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

"முதல் அடியிலேயே. அது அவனைக் காப்பாத்த அடிச்சது. மத்த ரெண்டும் என் கோபம்."

முறிந்த விரல் நோகாதபடி மெல்ல என் கையை எடுத்துப் படுக்கையில் வைத்தாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அப்போது நர்ஸ் வந்து, சொந்தக்காரர்கள் மட்டும்தான் இருக்கலாம், இவர் உங்களுக்கு யார் என்று கேட்டாள்.

"அவர்கூட வேலை செய்யறவர்" என்றாள் தங்கச்சி.

நான் எழுந்து வெளியே போனேன்.