ஒரு ராத்திரி ராஜபார்ட்

ஆர்மோனியத்தின் மேல் விழுந்தவன் நான்தான். அதன் பக்கத்தில் விழுவதாகத்தான் ஏற்பாடு. பபூன் வேஷத்தில் இது என் பதினோரு வருஷத்து வாடிக்கை. ஆடிக்கொண்டே வந்து, பழத்தோலை மிதித்த மாதிரி வழுக்கி, வாத்தியக்காரர்கள் காலடியில் தொப்பென்று விழுந்து, "மாமா, பொண்ணு எங்க?" என்று ஆர்மோனியக்காரரைக் கேட்க வேண்டும். ஜனம் சிரிக்கும். நாடகம் ஆரம்பமாகும்.

மேடைப் பலகைகளைச் சாயங்காலமே மிதித்துப் பார்ப்பதும் பபூனின் வேலைதான். அந்த நேரத்தில் நான் விழாப் பந்தலில் இரண்டாவது தடவையாகச் சாம்பாருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தேன். ராத்திரி பத்து மணிக்கு நான் குதித்த பலகையின் மறுமுனையில் ஆணி இல்லை. அது தூக்கியது. பறந்தவன், கைக்குக் கிடைத்ததைப் பிடித்தேன். கிடைத்தது மரியராஜ் அண்ணனின் கால் ஆர்மோனியம். நானும் அதுவும் சேர்ந்து மேடையிலிருந்து கீழே விழுந்தோம். நான் அதன் மேல். பெட்டி ஒரு தடவை நீளமாக மூச்சு விட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

என் ஆயுளில் அவ்வளவு பெரிய சிரிப்பை நான் வாங்கியதில்லை. மரியராஜ் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, கிழிந்த துருத்தியைத் தடவிப் பார்த்தார்.

"அடி பட்டுச்சாடா?" என்றார்.

"இல்லண்ணே."

"ஒன்னையக் கேக்கல."

எங்கள் தொழிலில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ஒத்திகையும் கிடையாது. மதுரையில் ஏஜெண்ட் ஆளுக்கு ஒரு தேதி எழுதிக் கொடுப்பார். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து, நாயகி ஒரு ஊரிலிருந்து, மிருதங்கம் ஒரு ஊரிலிருந்து வந்து மேடையில்தான் சந்தித்துக்கொள்வோம். எல்லாரையும் ஒன்றாகக் கட்டி இழுத்துப் போவது ஆர்மோனியம்தான். அதை நான் ஒடித்துவிட்டேன்.

அன்றைய ராஜபார்ட் நல்லகாமன், திருப்பரங்குன்றத்துக்காரர். வாடகைக் காரில் வந்திறங்குகிற அளவுக்குப் பெயர். பாதி மீசை வரைந்த முகத்தோடு வெளியே வந்து பெட்டியைப் பார்த்தார்.

"சுருதி இல்லாம நான் பாடுறதா? நாளைக்கு எந்தொண்டை போச்சுன்னா எவன்யா பதில் சொல்லுவான்?"

கிரீடத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறிவிட்டார். கிரீடம் அவருடைய சொந்தக் கிரீடம். உடுப்பும் நகையும் அவரவர் பாடு என்பது எங்கள் வழக்கம்.

விழாக் கமிட்டித் தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "இங்க பாருங்க, இது சாமிக்கு நேந்துக்கிட்ட நாடகம். விடியிற வரைக்கும் எவனாச்சும் பாடித்தான் ஆகணும். இல்ல, ஒரு ஆளும் ஊரு தாண்ட மாட்டீக."

எனக்கு முழங்கையில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. மூக்கில் சிவப்புச் சாயம். "நான் பாடுறேன்ணே" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் என்னைப் பார்த்த பிறகுதான் அது நான் என்று தெரிந்தது.

பபூனாக வேண்டும் என்று யாரும் ஊரை விட்டு வருவதில்லை. பத்தொன்பது வயதில், கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து, ராஜபார்ட் ஆகத்தான் வந்தேன். "சும்மா ஒரு வருசம் பபூன் கட்டுப்பா, பாப்போம்" என்றார் ஏஜெண்ட் சத்தியசீலன். மறு வருஷம் கேட்டேன். உயரம் பத்தாது என்றார். கட்டைச் செருப்பு செய்துகொண்டேன். அடுத்த வருஷம் பல் சந்து தெரிகிறது என்றார். பல்லைக் கட்டினேன். அப்புறம் உச்சரிப்பு. ஒரு தமிழ் வாத்தியாரிடம் போய் ழகரம் படித்தேன். கடைசியில் என்னிடம் குறை தேடுவது அவருக்கே சிரமமாகிவிட்டது. இதற்கிடையில் மேடையின் ஓரத்தில் நின்று கேட்டே ராஜபார்ட் பாட்டு அத்தனையும் எனக்கு மனப்பாடம்.

நாயகி ஜெயக்கொடி தன்னுடைய கிரீடத்தைக் கழற்றி என் தலையில் வைத்து நான்கு ஊசி குத்தினாள்.

"ஆடாதீங்கண்ணே, விழுந்துரும்."

"ஒனக்கு?"

"நான் பூ வச்சுக்குறேன். தர்க்கத்துல எந்தக் கேள்வி கேக்கட்டும்?"

"லேசாக் கேளு."

மரியராஜ் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்தவர். "பெட்டி போனா என்ன, நான் இருக்கேன்ல" என்று சொல்லி, வாயை மூடிக்கொண்டு ஒரே சுருதியில் 'ம்ம்ம்' என்று பிடித்தார். மூச்சு வாங்கும்போது மிருதங்கக்காரர் அந்த ம்ம்ம்மை வாங்கிக்கொள்வார். இப்படியே விடியும் வரை.

முதல் பாட்டுக்குச் சிரித்தார்கள். பபூன் உடுப்பில் கிரீடத்தோடு ஒருவன் வந்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். இரண்டாவது பாட்டில் மேலே ஏற வேண்டிய இடத்தில் ஏறினேன். சிரிப்பு நின்றது. மூன்றாவதில், வறுகடலை விற்றுக்கொண்டிருந்தவன் கூடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். ராஜாவும் நாயகியும் பாட்டிலேயே மடக்கிக்கொள்கிற தர்க்கத்தில் ஜெயக்கொடி முதல் ஒரு மணி நேரம் லேசாகத்தான் கேட்டாள். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு மேல் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. நானும்தான்.

விடிந்தபோது கமிட்டித் தலைவர் மேடை ஏறி, சம்பங்கி மாலையை என் கழுத்தில் போட்டு, குனிந்து கும்பிட்டார். விடியலில் ராஜபார்ட்டை அப்படிக் கும்பிடுவதோடுதான் நேர்த்தி முடியும்.

"என்னா தொண்டைய்யா ஒனக்கு! எந்த ஊரு?"

"கொட்டாம்பட்டிப் பக்கம்ணே."

"அங்க எந்தத் தெரு? யாரு மகன்?"

தெருவையும் அப்பா பெயரையும் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார். நான் மாலையைக் கழற்றாமலே பஸ் ஏறினேன். கண்டக்டர் கல்யாணமா என்று கேட்டார்.

மதுரையில் இறங்கியதும் நேராக ஒரு ஸ்டூடியோவுக்குப் போய், அங்கே இருந்த அட்டைக் கிரீடத்தை வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். பங்குனியில் புது நோட்டீஸ் அச்சாகும். யார் யார் என்னென்ன வேஷம் என்று படம் போட்டு ஊர் ஊராகப் போகும். அதில் எந்தத் தலைப்பின் கீழ் படம் வருகிறதோ, வருஷம் முழுக்க அந்த வேஷம்தான். வெள்ளிக்கிழமை அச்சாபீசுக்குப் போகிறது என்றார்கள். வியாழக்கிழமை காலையில் படத்தோடு சத்தியசீலன் முன்னால் நின்றேன்.

"வாப்பா, தவசி! நீ அந்தத் திருவிழாவுல பாடுனதப் பத்தித்தான் ஊரெல்லாம் பேச்சு" என்றார். "அந்த ஊர்லருந்து மறுநாளே ஆள் வந்துருச்சு. அடுத்த வருசத்துக்கும் பபூனுக்கு ஒன்னையத்தான் கேக்குறாங்க."

"பபூனுக்கா? பாட்டுப் பிடிக்கலையாண்ணே?"

"சே, பாட்டு அருமைன்னாங்க."

"அப்ப இந்தப் படத்த ராஜபார்ட்ல போடுங்க."

படத்தைக் கையில் வாங்கினார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். நல்ல மனுஷன். பொய் சொல்லும்போது காது சிவந்துவிடும்.

"மொகம் கொஞ்சம் சின்னதா இருக்குப்பா. கிரீடம் எடுக்காது. அடுத்த வருசம் பாப்போம்."

மேஜையில் அச்சுக்குப் போகிற தாள் ஒட்டித் தயாராக இருந்தது. உச்சியில் பெரிதாக நல்லகாமன், முழு மீசையோடு. அடியில் பபூன் வரிசையில் நான், பழைய படத்தில், நாக்கை நீட்டிக்கொண்டு.

மரியராஜைத் தேடிப் போனேன். பெட்டியைப் பிரித்துப் போட்டுத் துருத்திக்குத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எம்மொகம் சின்னதா?"

தொண்டையைத் தொட்டுக் காட்டினார். பேசக் கூடாது என்று கையை ஆட்டினார். அன்று விடிய விடியச் சுருதி பிடித்ததில் குரல் போய்விட்டது என்பது எனக்கும் தெரியும். என்னால்தான் போனது என்பதும் தெரியும். கும்பிட்டுவிட்டுத் தெருமுனை திரும்பினேன். "தம்பி, சீனி கம்மியா ஒரு டீ!" என்று பின்னால் அவர் குரல் கேட்டது. கரகரப்பாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் ஆனையூர் பஸ்ஸுக்காக ஜெயக்கொடி நின்றுகொண்டிருந்தாள். கையில் தகரப் பெட்டி. சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டிருந்தாள். எந்தக் கடைக்காரனும் அவளை நாடகக்காரி என்று கண்டுபிடித்துக் கூப்பிடாமல் இருப்பதற்காக.

"என்னாண்ணே, இஞ்சி தின்ன மாதிரி இருக்கீக?"

"ஜெயக்கொடி, எம்மொகத்தப் பாரு. சின்னதா?"

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினாள்.

"ஏஜெண்டு சொன்னாரா?"

"கிரீடம் எடுக்காதுங்கிறாரு. அதே ஊர்ல பபூனுக்கு மட்டும் என்னையத்தான் கேக்குறாகளாம். மொகம் சின்னதுன்னா ஒரு பெரிய கிரீடமா செஞ்சுக்கிறேன். கட்டைச் செருப்பு செய்யலையா? பல்லு கட்டலையா? பதினோரு வருசமா ஒவ்வொண்ணாச் சரிபண்ணிக்கிட்டுத்தான வாரேன்? இன்னும் என்னதான் பாக்கின்னு ஒருத்தராச்சும் சொன்னா நான் அதையும்..."

"போதும்ணே."

அவளுடைய பஸ் வந்து நின்றது. ஏறவில்லை. பெட்டியைக் கீழே வைத்தாள்.

"மொகமும் இல்ல, பல்லும் இல்ல. ஒங்க தெருதாண்ணே. பபூனு எந்தத் தெருன்னு எவனும் கேக்க மாட்டான், சிரிச்சிட்டுப் போயிருவான். ராஜபார்ட்டக் கும்பிடணும்ல?"

கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"எனக்கு உடுப்பு மாத்த எடம் குடுத்தது அந்தத் தலைவர் வீட்டுலதான். கொல்லைல நின்னு மொகத்துப் பவுடரத் தொடச்சுக்கிட்டு இருந்தேன். ஒங்களுக்கு மாலையப் போட்டுட்டு நேரா வந்தாரு. பொண்டாட்டியத் தண்ணி எறைக்கச் சொன்னாரு. கட்டுன வேட்டியோட ஒக்காந்து எட்டுக் குடம் தலைக்கு ஊத்துனாருண்ணே. ஊத்தும்போது பாடிக்கிட்டே ஊத்துனாரு. நீங்க பாடுன பாட்டுத்தான்."