வராதவனின் அப்பா

ரொட்டிக்கடை வரிசையில் நின்றிருந்தபோதுதான் சப்ரி தன் மகனின் பெயரை வேறொருவன் வாயிலிருந்து கேட்டார். அடுப்பிலிருந்து வாரிக் கொட்டிய சமூன் ரொட்டிகள் மேசைமேல் ஆவி பறக்கக் கிடந்தன. கடைக்காரன் சாசிப் வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, முன்னால் நின்ற புதிய ஆளிடம் பெயர் கேட்டான். ஏ.சி. ரிப்பேர் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். எண்ணெய்க் கறை படிந்த நீல உடுப்பு, முன்நெற்றியில் லேசாக வழுக்கை.

"காயிப்" என்றான் அவன்.

வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாசிப்புக்கு இது போதுமாயிருந்தது.

"அபூ காயிப், கொஞ்சம் இங்க பாருங்க. இத்தனை வருஷம் கழிச்சு உங்க பையன் வந்து நிக்கிறான். வந்ததும் எட்டு ரொட்டி கேக்கிறான்."

எல்லோரும் சிரித்தார்கள். புதியவனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பின்னால் நின்ற கிழவரின் பட்டப்பெயர் காதில் விழுந்ததும் புரிந்துவிட்டது. நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்தி, "மன்னிச்சுக்கங்க வாப்பா, கொஞ்சம் லேட்டாயிடுச்சு. வழியெல்லாம் செக்போஸ்ட்டு" என்றான்.

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. சப்ரியும் சிரித்தார். இரண்டு ரொட்டிகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தபோது, இதை மனைவி பத்ரியாவிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனார். எட்டு ரொட்டி விஷயத்தை முதலில் சொல்ல வேண்டும். செக்போஸ்ட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் அவள் அதிகம் சிரிப்பாள். பூட்டில் சாவியைத் திருப்பும்போதுதான், உள்ளே அவள் இருந்தால் வீடு பூட்டியிருக்காதே என்பது உறைத்தது.

பஸ்ராவில் ஒரு மனிதனை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அவ்வளவு மரியாதை இல்லை. மூத்த மகன் பெயரோடு சேர்த்து அபூ இன்னார், இன்னாரின் தகப்பன் என்றுதான் அழைப்பார்கள். பிள்ளை இல்லாதவனையும் ஊர் விட்டுவிடுவதில்லை. அபூ காயிப் என்று வைத்துவிடும். காயிப் என்றால் இங்கே இல்லாதவன், இன்னும் வராதவன். அதில் கேலி கொஞ்சம், வந்துவிடட்டும் என்ற துஆ கொஞ்சம். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய காலத்திலேயே சப்ரிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கு வைத்ததும் மனைவிக்கும் வந்துவிட்டது. உம்மு காயிப்.

முதலில் எல்லாம் பத்ரியா அந்தப் பெயருக்குத் திரும்ப மாட்டாள். காது கேட்காதவள் போல நடந்துவிடுவாள். ஒருநாள் சமையலறையில் தேநீர்க் குவளை ஒன்று உடைந்தது. என்ன சத்தம் என்று சப்ரி கேட்டதற்கு, "எல்லாம் உங்க பிள்ளை காயிப் பண்ண வேலைதான். நீங்க குடுக்கிற செல்லம்" என்றாள். அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். பிறகு சப்ரி, "கண்ணாடி காலுல குத்திடாம அவனைத் தூக்கிக்க" என்றார். அன்றிலிருந்து அவன் அந்த வீட்டில் இருந்தான். வெண்டைக்காய்க் குழம்பு அவனுக்குப் பிடிக்காது. கதவை அறைந்து சாத்துவான். சில நாள் பள்ளிக்கூடம் போகிற வயது, சில நாள் மீசை அரும்பியிருக்கும். வெளியாட்கள் முன்னால் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் ரேஷன் மாவில் உமியும் கல்லும் கலந்து வந்தபோது, சலித்துக்கொண்டே பத்ரியா, "நல்லவேளை, அவன் இங்க இல்ல" என்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் போருக்குக் கூட்டிப் போனபோது, அந்தத் தாய்மார்களோடு உட்கார்ந்து அழுதுவிட்டு வந்து, "நம்ம பையனை யாராலயும் கூட்டிட்டுப் போக முடியாது" என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போனாள்.

போன குளிர்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். நாற்பதாம் நாள் முடிந்ததும் உறவுக்காரர்கள் கிளம்பினார்கள். சப்ரி தனியாக இருக்கப் பழகிக்கொண்டார். சோறாக்கத் தெரியும், துணி துவைக்கத் தெரியும். ஆனால் காயிப்பைப் பற்றிப் பேச ஆளில்லை. ஒருதரம் தட்டு கை நழுவி விழுந்தபோது வாய் வரை வந்தது. தனியாகச் சொன்னால் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. அந்தப் பையன் இருப்பதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

கோடை முற்றியதும் சப்ரி வீட்டு ஏ.சி. நின்றது. பழுது பார்க்க ரொட்டிக்கடையில் பார்த்த அவனே வந்தான். பின்சுவரில் ஏறி வேலையை முடித்துவிட்டுக் கீழே இறங்கியவனுக்கு சப்ரி தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"உனக்கு ஏன்பா இந்தப் பேர் வச்சாங்க?"

"நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே அப்பா ஈரான் எல்லைக்குப் போயிட்டாரு. தாத்தா சொன்னாராம், பேர் வைக்கிறது தகப்பன் உரிமை, அவன் வந்து வைக்கட்டும், அதுவரைக்கும் சும்மா காயிப்னு கூப்பிடுங்கன்னு." அவன் சர்க்கரையைக் கலக்கினான். "அப்பா வரவே இல்ல. அதுவே நிலைச்சுப்போச்சு."

"அப்ப இது தற்காலிகப் பேரா?"

"ஆமா பெரியப்பா. முப்பத்திச் சொச்சம் வருஷத்துத் தற்காலிகம்." அவன் சிரித்தான். "பள்ளிக்கூடத்துல வாத்தியார் வருகை எடுப்பாரு. காயிப்னு கூப்பிடுவாரு. நான் எழுந்து நின்னு 'வந்திருக்கேன்'னு சொல்லணும். தினமும் மொத்த வகுப்பும் சிரிக்கும். வாத்தியாரும் சிரிப்பாரு. அம்மா இருந்தவரைக்கும் மாத்த மனசு வரல. அவங்க கடைசி வரைக்கும் வாசல் கதவத் தாழ் போட்டதில்ல."

அதற்குப் பிறகு அவன் வெள்ளிக்கிழமைகளில் வர ஆரம்பித்தான். கடைக்கு மேலே ஓர் அறையில் தனியாக இருந்தான். சொந்த ஊர் அமாரா. சித்தப்பாமார்களோடு நிலத்தகராறில் பேச்சுவார்த்தை இல்லை. சில வெள்ளிக்கிழமை மீன் வாங்கி வருவான். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவன் போகும்போது கதவை அறைந்துதான் சாத்துவான். சப்ரி அந்தச் சத்தம் அடங்கும் வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் சவரம் செய்துகொண்டு வந்தான்.

"ஒரு உதவி வேணும் பெரியப்பா. ஸுபைர்ல ஒரு பொண்ணு. சுஹான்னு பேர். அரிசிக்கடை ஹாஜி லஃப்தாவோட மக. பொண்ணு கேட்டுப் போறதுக்கு எனக்குப் பெரியவங்க யாரும் இல்ல."

"தெருவுல நாலு பேரைக் கூட்டிட்டுப் போகலாம்."

"கூட வர்றதுக்கு ஆள் இருக்கு. முன்னாடி நின்னு பேசத்தான் ஆள் இல்ல."

சப்ரி பழுப்பு மேலங்கியைப் பெட்டியிலிருந்து எடுத்தார். பாச்சா உருண்டை வாசனை போகவில்லை. வெள்ளை அங்கியைத் தானே இஸ்திரி போட்டார். கண்ணாடியில் பார்த்தபோது ஒரு மாப்பிள்ளையின் தகப்பன் எப்படி இருப்பானோ அப்படித்தான் இருந்தார். அது அவருக்கே கூச்சமாயிருந்தது.

ஹாஜி லஃப்தாவின் கூடத்தில் சுவரை ஒட்டி மெத்தைகள் போட்டிருந்தார்கள். சப்ரியை நடுவில் உட்கார வைத்தார்கள். காப்பி வந்தது. வழக்கப்படி அவர் குடிக்காமல் கோப்பையை முன்னால் வைத்தார். வந்த காரியம் முடிந்தால்தான் குடிப்போம் என்று அர்த்தம். சொல்ல வேண்டியதைச் சொன்னார். பையன் உழைப்பாளி, குடிக்க மாட்டான், தாயைக் கடைசி வரை வைத்துப் பார்த்தவன். குரல் நடுங்காமல் வந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

ஹாஜி லஃப்தா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே சொன்னார்.

"பையன்மேல குறை சொல்ல ஒண்ணுமில்ல அபூ காயிப். நானும் விசாரிச்சேன். அந்தப் பேர்தான் எனக்கு ஒத்துக்கல."

யாரோ ஒருவர் சிரிக்கப் பார்த்தார். ஹாஜி சிரிக்கவில்லை. எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். ராணுவ உடையில் ஓர் இளைஞன், படத்தின் மூலையில் துணிப்பூ.

"எம் பெரிய மகன். மோசூல் சண்டைக்குப் போனான். அடக்கம் பண்ண ஜனாஸாகூட வரல. இந்த வீட்டுல ஏற்கெனவே ஒரு காயிப் இருக்கான். நாளைக்கு ஒருத்தன் வாசல்ல வந்து காயிப் இருக்காரான்னு கேட்டா, என் பொண்டாட்டி அந்தக் கேள்விய எப்படித் தாங்குவா?"

உள்ளறையில் பெண்களின் பேச்சு நின்றுவிட்டது.

"மாத்திக்கிறேன் ஹாஜி" என்றான் காயிப். தயங்கவே இல்லை. "கோர்ட்டுல எழுதிக் குடுத்தா மாத்தித் தர்றாங்க."

அந்தப் பெயரும் போய்விடும் என்று சப்ரிக்குத் தோன்றியது. நியாயமான பேச்சு. மறுக்க ஒன்றுமில்லை. அவன் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவன் முகத்தில், வெகுநாள் சுமையை இறக்கச் சொல்லி யாரோ அனுமதி கொடுத்த நிம்மதி இருந்தது. தினமும் எழுந்து நின்று வந்திருக்கேன், வந்திருக்கேன் என்று சொல்லிச் சலித்த பையன்.

"என்ன பேர் வைக்கிறது?" என்று யாரோ கேட்டார்கள்.

"அத அவர் சொல்லட்டும்" என்றார் ஹாஜி, சப்ரியைக் காட்டி. "தகப்பன் இடத்துல அவர்தானே உக்காந்திருக்காரு."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அலி இருந்தது, ஹசன் இருந்தது. ஹாஸிர், 'இங்கே இருப்பவன்' என்று சொல்லியிருந்தால் கூடமே சிரித்து, பாராட்டி, காப்பியைக் குடித்திருக்கும். அதைத்தான் எதிர்பார்த்தார்கள் என்று அவருக்குத் தெரிந்தது.

கல்யாணமான இரண்டாம் வருடம் பத்ரியாவுக்கு நாள் தள்ளிப்போனது. ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு விசிறியடியில் படுத்திருந்தவள், ரேடியோவில் செய்தி முடிந்ததும், வாசித்தவரின் பெயரை இன்னொரு முறை தானே சொல்லிப் பார்த்தாள். "சர்மத். முடிவே இல்லாததுன்னு அர்த்தமாம். நல்லாருக்குல்ல?" என்றாள். வயிற்றின்மேல் கை வைத்திருந்தாள். மூன்றாம் மாதமே கலைந்துவிட்டது. அதன் பிறகு அந்தப் பெயரை அவர்கள் உச்சரித்ததே இல்லை. குவளை உடைத்தவன், வெண்டைக்காய் பிடிக்காதவன் எல்லாம் காயிப்தான். காயிப்பை வைத்து விளையாடலாம். சர்மத்தை வைத்து விளையாட முடியாது.

"சர்மத்" என்றார் சப்ரி.

தன் குரலில் அதை அவர் கேட்பது அதுவே முதல் தடவை. ஹாஜி லஃப்தா ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சுவர்ப்படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்ல பேர்" என்றார். "காப்பிய எடுத்துக்கங்க."

எல்லோரும் கையேந்தி ஃபாத்திஹா ஓதினார்கள். உள்ளறையிலிருந்து பெண்கள் குலவையிட்டார்கள். சர்பத் தட்டு சுற்றி வந்தது. காப்பி ஆறிப்போயிருந்தது. சப்ரி அதைக் கடைசி வரை குடித்தார்.

திரும்பும்போது டாக்சியில் அவன் கேட்டான். "யாரு பேர் பெரியப்பா அது?"

"ரேடியோல செய்தி வாசிச்சவர் ஒருத்தர்."

"நல்லா வாசிப்பாரா?"

"நல்ல குரல்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பி அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். புதுச்செருப்பைப் போட்டு நடந்து பார்ப்பவன் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சப்ரி மேலங்கியைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றார். "குடுத்துட்டேன் பத்ரியா" என்றார். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தார். அவளுடைய பதில்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். எதைக் கேட்டாலும் என்ன சொல்வாள் என்று தெரியும். இதற்கு மட்டும் தெரியவில்லை. கேட்காமல் எடுத்துக் கொடுத்தோமோ, அவளும் இதைத்தான் செய்திருப்பாளோ. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இறுக்கி மூடினார்.

கல்யாணம் முடிந்து அவன் ஸுபைருக்கே போய்விட்டான். மாமனார் உதவியில் சொந்தமாகக் கடை போட்டான். முதலில் வாரம் தவறாமல் போன் வந்தது. பிறகு பெருநாளுக்கு வந்தது. வாங்க பெரியப்பா, சுஹா உங்களப் பாக்கணுங்கிறா என்பான். வர்றேன் என்பார். ரொட்டிக்கடையில் சாசிப் ஒருநாள், "இனிமே உங்கள அபூ சர்மத்னு கூப்பிடணுமா?" என்று கேட்டான். "ரொட்டியக் குடு" என்றார் சப்ரி. தெரு அவரை அபூ காயிப் என்றே அழைத்தது. வெள்ளிக்கிழமைகளில் கதவு சத்தமில்லாமல் இருந்தது.

குளிர் தொடங்கிய பிறகு ஒரு காலையில் அவர் ஆரஞ்சுப் பழங்கள் வாங்கிக்கொண்டு ஸுபைர் போகும் மினிபஸ்ஸில் ஏறினார். யாரிடமும் சொல்லவில்லை. மடியில் பழப்பை. சந்தைத் தெருவைத் தாண்டியதும் அவன் சொன்ன அடையாளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மருந்துக்கடை, பச்சைக் கதவுப் பள்ளிவாசல், பிறகு அவனுடைய பட்டறை. யாரோ இறங்குவதற்காக பஸ் அங்கேயே நின்றது.

பட்டறை வாசலில் அவன் முதுகைக் காட்டிக் குனிந்து ஒரு ஏ.சி. பெட்டியைத் திறந்துகொண்டிருந்தான். எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண் குரல், சுஹாவாக இருக்கும், கூப்பிட்டது.

"சர்மத்."

அவன் திரும்பவில்லை. சப்ரி திரும்பினார். குரல் மறுபடியும் கூப்பிட்டது, இந்த முறை கடைசி எழுத்தைச் சற்று இழுத்து, சோறு ஆறுகிறது என்று சொல்லும் குரலில், கொஞ்சம் சலிப்போடும் நிறைய உரிமையோடும். அப்போதுதான் தன்னைத்தான் என்று உறைத்தவன் போல அவன் நிமிர்ந்தான். கந்தலில் கையைத் துடைத்துக்கொண்டே, நின்றிருந்த பஸ்ஸின் முன்னால் தெருவைக் கடந்தான். உள்ளே பார்க்கவில்லை.

"பெரியவரே, இறங்கப் போறீங்களா?" என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்.

திறந்த கதவு வழியாகக் குளிர்காற்றும் புழுதியும் வந்தன. ஒரு கையால் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து சப்ரி பாதி எழுந்திருந்தார். மறுகையில் பழப்பை. அந்தக் குரல் இன்னொரு முறை கூப்பிடுமா என்று காதைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார்.