விழுப்புரம் போகாத மணிமொழி

கீழே தோசைக்கல்லில் மாவு விழும் சத்தம் கேட்டதும் மணிமொழி தலையணையை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள். காலை வியாபாரம் தொடங்கிவிட்டது. கடைசி ஆள் கை கழுவிவிட்டுப் போகும்வரை அவள் சத்தமாக இருமக் கூடாது.

மேற்கு மாம்பலத்தில், ரயில் சத்தம் கேட்கும் ஒரு சந்தில் அவர்கள் வீடு. அவள் கணவன் பிரபு வாசலிலேயே டிபன் கடை வைத்திருந்தான். மணிமொழி அரைக்கும் சட்னிக்காகவே வருகிறவர்கள் உண்டு. சின்ன வயதில் வந்த நிமோனியா அவள் நுரையீரலைப் பழுதாக்கிவிட்டுப் போயிருந்ததால் சளியும் இருமலும் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் போன வருடம் சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது. உடம்பு பாதியாக இளைத்தது. பக்கத்து கிளினிக்கில் சளியைச் சோதித்துவிட்டு, காசநோய் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

அன்றைக்கே வீட்டில் முடிவாகிவிட்டது. முடிவெடுத்தவள் பிரபுவின் அக்கா ஜானகி.

“டிபின்னு ஒருத்தன் காதுல உய்ந்தா போதும், அப்பறம் ஒரு ஈ காக்கா கடைக்கு வராது. மேல ஷீட் ரூம் சும்மாத்தானே கீது? அங்க இருக்கட்டும். கேக்கறவங்களுக்கு, விழுப்புரத்துல தங்கச்சி வூட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லிக்கலாம்.”

பிரபு மனைவியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், பிறகு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டான். வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் அவன் எப்போதும் அப்படித்தான்.

மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டிருந்த அந்த அறையின் கதவுக்குப் பூட்டு இல்லை. பூட்டுக்கு அவசியமும் இல்லை. விழுப்புரத்தில் இருப்பவள் மாம்பலத்து மொட்டை மாடியில் துணி உலர்த்த முடியுமா? கைப்பிடிச் சுவர் ஓரமாக நிற்கக் கூடாது. தெரிந்தவர்கள் போன் செய்தால், தங்கை பிள்ளைகளின் சேட்டையைப் பற்றிக் கதை அளக்க வேண்டும். கிளினிக்குக்குப் போவதென்றால், சந்து முழுக்கத் தூங்கும் மத்தியான வேளையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போக வேண்டும்.

சாப்பாடு தனித்தட்டில் படிக்கட்டுவரை வந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் எழிலரசி அதை வைத்துவிட்டு, அத்தை அதட்டும்வரை கீழ்ப்படியில் நின்று பேசுவாள். கோடையில் ஷீட் அனலாகக் கொதித்தது. மழை பெய்தால் மட்டும் அந்தத் தகரச் சத்தத்தில் அவள் ஆசை தீர இருமிக்கொண்டாள்.

மாத்திரையை அவள் ஒரு வேளைகூட விட்டதில்லை. இருந்தும் மாதங்கள் கழித்து மறுபடி சோதித்தபோது சளியில் கிருமி அப்படியே இருந்தது.

“முழுங்குறாளா, தூக்கிப் போடுறாளா, யாரு கண்டா?” என்றாள் ஜானகி, மாடிக்குக் கேட்கிற குரலில்.

நாளாக ஆக, ஒருவேளை தான்தான் மறந்துவிடுகிறோமோ என்று மணிமொழிக்கே தன் மேல் சந்தேகம் வந்திருந்தது.

ஒரு நாள் இருமலோடு ரத்தம் வந்தது. அத்தை கத்தக் கத்த எழிலரசி படிகளைத் தாண்டி மேலே ஓடினாள். தலையணை உறையைப் பார்த்தாள். அதைக் கையில் பிடித்தபடியே கீழே இறங்கி அப்பா முன்னால் நின்றாள்.

“அம்மாவ இப்பவே பெரிய டாக்டராண்ட இட்டுக்கினு போறியா, இல்ல இத தெருவுல போய்க் காட்டவா?”

அதற்குத்தான் பிரபு அசைந்தான்.

அடையாறில் நுரையீரல் மருத்துவர் வைதேகி பழைய சீட்டுகளைப் புரட்டினார். “கிளினிக்ல மைக்ராஸ்கோப் வச்சு மட்டும் பார்த்திருக்காங்க. அதுல கிருமி இருக்குன்னு தெரியும். எந்தக் கிருமின்னு தெரியாது. டிபி கிருமியோட சொந்தக்காரக் கிருமிங்க நிறைய உண்டு. சாயம் போட்டுப் பார்த்தா எல்லாம் ஒரே மாதிரி சிவப்பாத்தான் தெரியும். மரபணுவை வச்சுப் பார்க்கற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. அதுல இது யாருன்னு தெரிஞ்சுடும்.”

சில நாட்களில் தெரிந்துவிட்டது. அது காசநோய்க் கிருமியே இல்லை. மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்கிற வேறொன்று, அவளுடைய பழுதான நுரையீரலில் குடியேறியிருந்தது. இதுவரை தின்ற மாத்திரைகள் அதை அடக்கவில்லை. இனி வேறு மருந்துகள், ஒரு வருடத்துக்கு மேல்.

“இது மனுஷங்ககிட்டேருந்து மனுஷங்களுக்குப் பெரும்பாலும் பரவாது” என்றார் டாக்டர்.

“அப்பாடா! டிபி இல்ல!” பிரபு கையெடுத்துக் கும்பிட்டான்.

மணிமொழி சிரிக்கவில்லை. “டிபியா இருந்திருந்தா, இத்தினி மாசம் என்ன மாடியில ஒளிச்சு வெச்சது சரியா டாக்டர்?”

டாக்டர் பிரபுவை நிமிர்ந்து பார்த்தார். “சரியான மாத்திரை வேலை செய்ய ஆரம்பிச்சா, கொஞ்ச வாரத்துலயே மத்தவங்களுக்குத் தொத்தறது ரொம்பக் குறைஞ்சிடும். அதுவரைக்கும் மாஸ்க், நல்ல காத்து, வீட்ல இருக்கறவங்களுக்கும் ஒரு டெஸ்ட். தட்டுல, டம்ளர்ல அது பரவறதில்ல.”



மறுநாள் காலை மணிமொழி வாசலுக்கு வந்தாள். ஜானகி அவசரமாகக் காதருகே குனிந்தாள். “நேத்துதான் ஊர்லேர்ந்து பஸ்ல வந்தேன்னு சொல்லிடு.”

சொல்லி வாய் மூடுவதற்குள், எதிரே துணி இஸ்திரி போடும் கன்னியம்மா தட்டோடு வந்து நின்றாள். “இன்னா மணி, எளச்சுட்டே? விழுப்புரத்துலேர்ந்து எப்ப வந்தே?”

“நான் எங்கியும் போவல கன்னியம்மா. மாடியிலதான் இருந்தேன். டிபின்னு நெனச்சு ஒளிச்சு வெச்சிட்டாங்க. டிபி இல்லன்னு இப்பத்தான் தெரிஞ்சுது.”

கரண்டி பிரபுவின் கையில் அப்படியே நின்றது. பெஞ்சில் இருந்த ஒருவர் பாதித் தோசையை வைத்துவிட்டு எழுந்து போனார். ஜானகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கன்னியம்மா மட்டும் நகரவில்லை. குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. “எங்கூட்டுக்காரரும் ரொம்ப நாளா இருமிக்கினு கீறாரு. வெளிய சொல்லாத வெச்சினு இருக்கோம். அந்த டெஸ்டு எங்க எடுக்கணும்?”

“நானே இட்டுக்கினு போறேன்” என்றது ஒரு குரல். பிரபுதான். மணிமொழியை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் கல்லையே பார்த்துக்கொண்டு சொன்னான். “எங்கூட்ல நடந்தது போதும். இன்னிக்கே வரச் சொல்லு.”

“மெல்லப் பேசுண்ணே, யார் காதுலயாச்சும் உய்ந்துடப் போவுது!” என்று பதறினாள் கன்னியம்மா.

“உயட்டும்” என்றாள் மணிமொழி, சந்து முழுக்கக் கேட்கும்படி. “சீக்கு வந்தா எந்தக் கிருமின்னு டெஸ்டு எடுத்துத் தெரிஞ்சுக்கினு அதுக்கான மருந்தத் துன்னணும். டிபியா இருந்தாலும் அதான், வேற எதுவா இருந்தாலும் அதான். ஆள ஒளிச்சு வெச்சா சீக்கு போவாது கன்னியம்மா. ஆளுதான் போயிடும்.”